பல்லுக்குள்ளே சந்து பொந்து!

மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? கபாலீசுவரர் கோயிலையும் குளத்தையும் சுற்றியுள்ள அந்த வீதிகளில் பங்குனித் தேரே போகும். ஆனால், அங்கிருந்து பிரிகிற சில சந்துகளில் சைக்கிள் ஓட்டுவதே கஷ்டம்! அறுபத்து மூவர் திருவிழா முடிந்ததும் பெரிய வீதியைப் பெருக்கிவிடலாம். சந்துக்குள் ஒதுங்கிய குப்பையை எடுப்பதுதான் பெரும்பாடு.

உங்கள் கடைவாய்ப் பல்லுக்குள்ளும் இப்படித்தான் பெரிய வீதியும் சந்து பொந்தும் இருக்கின்றன.

பல் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும், அதன் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் நிறைந்த மென்மையான பகுதி உண்டு. அது வேர் வரை மெல்லிய குழாய்களாக இறங்குகிறது. சொத்தை ஆழமானால் கிருமிகள் அங்கே குடியேறிவிடும். அப்புறம் ராத்திரியெல்லாம் 'விண் விண்' என்று வலிதான்! பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற டாக்டர் செய்வதே வேர் சிகிச்சை. 'ரூட் கேனால்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதுதான்.

முதலில் மரத்துப்போக ஊசி. பிறகு, அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு ரப்பர் விரிப்பு. அடுத்து, ஊசி போன்ற மெல்லிய அரத்தால் குழாயைச் சுரண்டுவார் டாக்டர். சிக்கல் இங்கேதான். குழாய்கள் குச்சி மாதிரி நேராக இருப்பதில்லை. வளையும், கிளை பிரியும், மறுபடி ஒன்று சேரும். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹெஸ் என்பவர் பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, பிறகு பல்லைக் கரைத்துப் பார்த்தார். மிஞ்சிய ரப்பர், மரக்கிளை போல இருந்தது!

இத்தனை கிளைக்குள்ளும் அரம் நுழையாது. துடைப்பம் போகாத சந்தில் தண்ணீர் போகும் அல்லவா? அதேபோல மருந்து நீரை ஊற்றிக் கழுவுகிறார்கள். அது சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் இருக்கும் அதே சரக்கு! கிருமியைக் கொல்லும், அழுகிய சதையையும் கரைக்கும். முதல் உலகப் போரில் வீரர்களின் காயங்களைக் கழுவியதும் இதன் நீர்த்த கரைசலால்தான். வாயில் பட்டால் புண்ணாக்கிவிடும். ரப்பர் விரிப்பு எதற்கு என்று இப்போது புரிகிறதா? (வீட்டு பாட்டிலைத் திறந்து சோதனை செய்துவிடாதீர்கள்!) சில நேரம், காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் மருந்தைக் கலக்கி, சந்து பொந்துக்கெல்லாம் அனுப்புவார்கள்.

ஒரே ஒரு குழாய் கண்ணில் படாமல் போனாலும் கிருமி அங்கே பதுங்கி, பல மாதம் கழித்துக்கூட வலியைக் கொண்டு வரலாம். மேல்வரிசை முதல் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று அல்லது நான்கு குழாய்கள். சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி டாக்டர்களோ, ஒரே பல்லில் ஏழு குழாய்கள் இருந்ததை 2010-இல் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். 2011-இல் இன்னொரு பல்லைப் பற்றி எழுதினார்கள். அதில் எட்டு! சாதாரண எக்ஸ்ரேயில் இத்தனையும் தெளிவாகத் தெரியாது. பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன் எடுத்துத்தான் உறுதி செய்தார்கள்.

சுத்தம் செய்த குழாய்களைச் சும்மா விடக்கூடாது. 'கட்டாபெர்ச்சா' என்ற மரப்பால் பொருளால் அடைக்கிறார்கள். அந்தக் காலத்தில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே மரப்பால்தான்!