பையனுக்கு மகரக்கட்டு!

"நேற்று வரை குயில் மாதிரி பாடிக்கொண்டிருந்தான், ஸார்! இன்றைக்கு வாயைத் திறந்தால் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது" என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் தாயாரா நீங்கள்? பனங்கற்கண்டையும் மிளகையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவனுக்கு வந்திருப்பது வியாதி அல்ல; மகரக்கட்டு.

ஒரு காலத்தில் இந்தப் பெயரைக் கேட்டாலே பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் நடுங்குவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய சபையைப் போன்ற பாலர் குழுக்களில் ராஜாவும் பையன்தான், ராணியும் பையன்தான். மைக் கிடையாது. கடைசி வரிசை ஆசாமிக்கும் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாட வேண்டும். சாரீரம் உடைந்ததோ, வள்ளியாக நின்றவன் சேவகனாக வேண்டியதுதான்! அந்தப் பயத்தில் மேலும் கத்தினால் இருக்கிற குரலும் கெடாமல் என்ன செய்யும், பாவம்!

நடப்பது இதுதான். அந்த வயதில் குரல்வளையும் அதற்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் கிடுகிடுவென்று வளர்கின்றன. தந்தி நீண்டு தடித்தால் சுருதி இறங்கத்தானே செய்யும்? ஆண் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயியே இறங்கிவிடும். குரல் நிலைக்கச் சில மாதங்கள் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை பாட்டை அடியோடு நிறுத்த வேண்டாம். சுருதியை இறக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம், மெதுவாகப் பாடட்டும். பள்ளிக்கூட நாடகத்தில் இரணியகசிபு வேஷம் மட்டும் வேறு யாருக்காவது போகட்டும்!

பெண் பிள்ளைகளுக்குச் சுருதி சிறிதளவே இறங்கும். ஆனால் ஓயாமல் கத்திப் பாடினால், கிணற்றுக் கயிறு இழுத்த கையைப் போலக் குரல் நாணும் காய்த்துப் போகும். அதற்கு முதல் மருந்து ஓய்வு. ஸ்வீடனில் சிறு வயதிலிருந்தே மேடையில் பாடி நடித்த ஜென்னி லிண்ட், இருபது வயதில் குரல் தேய்ந்துபோய், 1841-ல் பாரிஸிலிருந்த சங்கீத ஆசிரியர் மானுவல் கார்ஸியாவிடம் போனாள். 'ஆறு வாரம் பாடாதே. பேச்சையும் குறை' என்றார் அவர். அப்புறம்தான் பாடமே! பின்னாளில் ஐரோப்பா முழுவதும் அவள் பாட்டுக்குக் கூட்டம் நெரிந்தது.

அதே கார்ஸியா 1854-ல் பல் வைத்தியர் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு தம் குரல் நாண்களைத் தாமே பார்த்தார். இன்று காது-மூக்கு-தொண்டை டாக்டர் மெல்லிய குழாய்க் காமிராவால் சில நிமிஷங்களில் அதைப் பார்த்துவிடுகிறார். கரகரப்பு மூன்று, நான்கு வாரம் நீடித்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, உங்கள் பிள்ளையை அவரிடம் அழைத்துப் போங்கள்.