கலத்தில் அடங்காத எண்

1996ஆம் ஆண்டு யூன் 4ஆம் நாள், பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 என்னும் ஐரோப்பிய றொக்கெற் முதன்முறையாக மேலெழுந்தது. நாற்பது விநாடி கழியுமுன் அது வானிலே சிதறிற்று. அது சுமந்துசென்ற நான்கு கிளஸ்ரர் செய்மதிகளும் உடனழிந்தன. இயந்திரம் பழுதுபடவில்லை, எரிபொருளும் குறையவில்லை. ஓர் எண் தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அடங்காமற் போனதே காரணம்.

கணனி எண்ணை எழுதிவைக்கும் இடத்துக்கு எல்லையுண்டு. 16 இரும இலக்கங்கள் கொண்ட இடத்திலே மறை 32,768 முதல் 32,767 வரையுள்ள நிறைவெண்களே அடங்கும். கொத்திலே மூடை நெல்லைக் கொட்டினால் மிகுதி சிந்துவது கண்ணுக்குத் தெரியும். எண்ணின் நிலை அப்படியன்று. சில கணனி மொழிகளிலே 32,767உடன் ஒன்றைக் கூட்டி அவ்விடத்தில் இட்டால், யாதோர் எச்சரிக்கையுமின்றி மறை 32,768 என்று பதிவாகிவிடும். பிழையான விடை சரியான விடையின் வேடத்தில் உலாவுவது பெருங்கேடு. அதனாலேயே அடா முதலிய மொழிகளை வகுத்தோர் 'விதிவிலக்கு' என்னும் முறையை அமைத்தனர். எண் அடங்காதவிடத்துக் கணிப்பு நின்றுவிடும். பரிகாரத்துக்கென எழுதப்பட்ட பகுதி பொறுப்பேற்கும். அத்தகைய பகுதி எங்குமே இல்லையெனிற் செய்நிரல் அவ்வளவில் முடிந்துவிடும்.

ஏரியான் 5இன் வழிகாட்டுங் கருவியில் இயங்கியதும் அடா மொழிச் செய்நிரலே. கிடைவேகத்தைச் சார்ந்த ஓர் அளவு, 64 இலக்க மிதக்கும் புள்ளி எண்ணிலிருந்து 16 இலக்க நிறைவெண்ணாக மாற்றப்படுகையில் எல்லை கடந்தது. விதிவிலக்கு முறைப்படி எழுந்தது, ஏற்பாரில்லை. ஆபத்துக்குட்பட்ட ஏழு மாறிகளுள் நான்குக்கே காவல் இடப்பட்டிருந்தது. கணனியின் வேலைப்பளு 80 வீதத்தைத் தாண்டலாகாது என்பதனாலும், ஏனைய மூன்றும் எல்லைமீற மாட்டா என்று எண்ணப்பட்டதனாலும் அவை காவலின்றி விடப்பட்டன. ஏரியான் 4க்கு அவ்வெண்ணம் பொருந்தியது. புதிய றொக்கெற்றோ கிடையாக மிக விரைந்து வேகங்கொள்வது. இதில் வருந்தத்தக்கது, அக்கணிப்பு றொக்கெற் எழுந்தபின் ஏரியான் 5க்கு வேண்டப்படாத ஒன்று என்பதே.

துணைக் கருவி இல்லையா என நேயர்கள் வினவலாம். இருந்தது; அதே செய்நிரலைக் கொண்டிருந்தமையால் அது முந்தியே நின்றுபோயிற்று. பிரதான கருவி நிற்கும்போது அனுப்பிய பழுதறிக்கையைத் தலைமைக் கணனி பறப்புத் தரவென்று கொண்டு, உந்துகுழாய்களை முற்றாகத் திருப்பிவிட்டது.

மாற்றுமுன் எண்ணை எல்லையோடு ஒப்பிட்டு, மீறினால் எல்லைப் பெறுமானத்தையே கொள்ளும்படி விதித்திருக்கலாம். சாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழுவும், எந்த உணர்கருவியும் தன்னால் இயன்ற தரவை அனுப்புவதை நிறுத்தலாகாதென 1996 யூலையில் விதந்துரைத்தது. கிளஸ்ரர் செய்மதிகள் மீளக் கட்டப்பட்டு, 2000ஆம் ஆண்டில் சோயுஸ் றொக்கெற்றுகளிலே ஏவப்பட்டன.