நீடாமங்கலம்: ரயிலும் ரோடும் வளர்த்த கடைத்தெரு

தஞ்சையிலிருந்து நாகைப் பக்கம் சரக்கு ஏற்றி அனுப்பும் வணிக அன்பர்களுக்கு நீடாமங்கலம் என்றாலே ரயில்வே கேட்தான் ஞாபகம் வரும். அந்தக் கேட்டைத் திட்டாத லாரி டிரைவரை நாம் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கடைத்தெருவில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டதும் அதே கேட்தான்.

ரயில் வருமுன்பே அது வழிப்போக்கர் தங்கும் ஊர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் துணைவியார் யமுனாம்பாள் பெயரால் அங்கே சத்திரம் இருந்தது. பக்கத்திலேயே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எனப் பிரியும் மூணாறு தலைப்பு. ஆற்றுக்கும் அது ஜங்ஷன் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1861-ல் கிரேட் சதர்ன் கம்பெனியார் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் விட்டனர். அடுத்த வருஷம் அது திருச்சியைத் தொட்டது. துறைமுகத்தை வைத்துப் போட்ட பாதை அது. 1915-ல் மன்னார்குடிக்குக் கிளை பிரிந்தது. ஊர் ஜங்ஷன் ஆயிற்று. தஞ்சை–நாகை ரோடும் கும்பகோணம்–மன்னார்குடி ரோடும் அங்கேயே சந்திப்பதால் நான்கு பக்கத்து ஜனமும் அந்தக் கடைத்தெருவில் கால் வைத்தது.

1976-ல் மன்னார்குடிக் கிளையை மூடிவிட்டார்கள். நம் கணக்கில், ரயில் பார்சல் தோற்றது லாரியிடம்தான். ரயிலில் போட்டால் மூட்டையைக் கொட்டகையில் இறக்கி, மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். லாரியோ கடை வாசலுக்கே வரும். விருதுநகர் பருப்பும் வேதாரண்யம் உப்பும் ரோடு மார்க்கமாகவே வந்து பழகிவிட்டன. 2011-ல் அந்தப் பாதையில் மீண்டும் ரயில் ஓடியபோது பயணிகள் திரும்பினர். மளிகைச் சரக்கு திரும்பவில்லை.

நெல்லின் கதை வேறு. அறுபது, எழுபதுகளில் பர்மிட் இல்லாமல் நெல் மாவட்டம் தாண்டாது. அதனால் அடிபட்ட மண்டிகள் பல. 1972-ல் ஏற்பட்ட நுகர்பொருள் வாணிபக் கழகம் கொள்முதலில் முக்கிய இடம் பிடித்த பின், வயலில் விளைந்தது நேரே நிலையத்துக்கு வந்து, சரக்கு ரயிலேறி வெளி மாவட்ட அரவைக்குப் போகிறது. ஊர் வழியாகத்தான் போகிறது, ஆனால் ஊர் வியாபாரியின் தராசில் ஏறுவதில்லை. அந்தச் சரக்கு ரயிலுக்கு என்ஜினை மாற்றிக் கோக்கும்போது கேட் விழுகிறது. சொந்த ஊர் நெல்லே சொந்த ஊர்க் கடைக்கு வழி அடைக்கிறது!

கேட் விழுந்தால் டீக்கடையிலும் பூக்கடையிலும் வியாபாரம் நடக்கும். பஸ் ஜன்னலோரம் கடலை விற்கும். மளிகைக் கடைக்காரருக்கோ நஷ்டம்: கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர் நெரிசலைக் கண்டு வேறு ஊருக்குத் திரும்புவார். அதனால்தான் மேம்பாலமும் புறவழிச் சாலையும் வேண்டுமென்று வணிகர்களே பல வருஷம் குரல் கொடுத்தார்கள். அதில் தவறில்லை.

புறவழி திறந்த மற்ற ஊர்களில் நாம் கண்டது இது: வழியில் போகிறவரை நம்பிய கடை ஆறு மாதத்தில் ஆட்டம் காணும். சுற்றுவட்டக் கிராமத்துக்குக் கடன் சிட்டை வைத்து, சம்பா அறுவடையில் வசூலிக்கும் கடை அசையாது. கேட்டோரக் கடைக்காரர்கள், பாலத்துக்குத் தூண் எழும்பும்போதே, எந்தக் கிராமத்து வாடிக்கையைப் பிடிப்பது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.