கச்சான் சரையில் தரம் எட்டு

கற்பிட்டி வீதியோரம் வாங்கிய கச்சான் தீர்ந்ததும் சரையைப் பிரித்துப் பார்த்தேன். தரம் எட்டுக் கணித நூலின் ஒரு தாள். அதிலிருந்த முக்கோணத்துக்கு ஒரு பிள்ளை பென்சிலால் கண்ணும் மீசையும் வைத்திருந்தது. அதன் கோணங்களைக் கூட்டினால் அன்றும் 180 பாகை, இன்றும் 180 பாகை. பிழையாகிப்போன ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை. பிறகு ஏன் கச்சான் சுற்ற வந்தது?

பாடநூல் எப்படி அச்சாகிறது என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். எப்படி ஒழிகிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. என் கணிப்பில் இரண்டாவதுதான் சிக்கலான வேலை.

இலங்கையில் கல்வி 1945இல் இலவசமானது. பாடநூல் இலவசமாவதற்கு 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று தரம் 1 முதல் 11 வரையான நூல்களைப் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வழங்குகிறது. நூல் பிள்ளையின் பையில் இருந்தாலும் பிள்ளையின் சொத்தல்ல. ஆண்டு முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ளவை அடுத்த வகுப்புப் பிள்ளைக்குப் போகும். பழைய நூல் கிடைத்த பிள்ளையின் முகம் சுருங்கும்தான். முன்னால் படித்தவர் விடைகளையும் எழுதிவைத்திருந்தால் சுருங்கிய முகம் உடனே மலர்ந்துவிடும். சின்ன வகுப்புகளில் எழுதவும் நிறந்தீட்டவும் கொடுக்கும் நூல்களுக்கு இந்த மறுபிறவி கிடையாது. ஒரு வருடத்தோடு சரி.

இப்படிக் கைமாறியும் நூல்களில் மிகுதி எங்கிருந்து வருகிறது? எத்தனை நூல் வேண்டுமென்று அதிபர் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். புத்தளக் கரையில் அந்தக் கணக்கைச் சரியாகச் சொல்லச் சாத்திரம் தெரிந்திருக்க வேண்டும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் கற்பிட்டியின் வாடிகளுக்கு வந்துபோகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் புத்தளத்தில் வந்திறங்கியபோது எந்த அதிபரின் கணக்கும் அதற்குத் தயாராக இருந்திருக்க முடியாது. 2009இல் போர் முடிந்து, ஒரு பகுதியினர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பத் தொடங்கியபோது அதே கணக்கு மறுபக்கம் சரிந்தது. சமய நூல்களின் பாடு தனி. உடப்புப் பிள்ளைக்குச் சைவநெறி, கற்பிட்டிப் பிள்ளைக்கு இஸ்லாம், சிலாபக் கரையில் கத்தோலிக்கம் என்று ஒரே தரத்துக்கு இத்தனை நூல். ஒரு கட்டு மாறி இறங்கினால் இங்கே மிகுதி, அடுத்த ஊரில் தட்டுப்பாடு. இந்த வகை மிகுதிக்கு வைத்தியம் எளிது: வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவித்து, தேவைப்படும் பாடசாலைக்கு மாற்றிவிடலாம். ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு முச்சக்கர வண்டியும் போதும்.

காலாவதியான நூலின் கதை அவ்வளவு எளிதல்ல. 2015இல் புதிய பாடத்திட்டம் தரம் 6க்கும் 10க்கும் வந்தது. 2016இல் 7க்கும் 11க்கும், 2017இல் 8க்கு, 2018இல் 9க்கு. அந்த நான்கு ஆண்டுகளும் பாடசாலை அலுமாரிகளில் இரண்டு தலைமுறை நூல்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. பழைய தலைமுறையில் உண்மையாகவே செத்துப்போன வரிகளும் உண்டு. 2006 ஆகஸ்ட் 24 அன்று சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து இறக்கியது. ஒன்பது கோள்கள் என்ற வாக்கியம் உலகத்துப் பாடநூல்களிலெல்லாம் ஒரே நாளில் பிழையாகியது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது 2011இல். அந்தப் புகைபோக்கியைப் பார்த்தபடியே பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு, அதற்கு முந்திய புவியியல் நூல் வேறொரு நாட்டைப் பற்றியது போலத் தோன்றும். ஆனால் இவை சில வரிகள்தான். நம் முக்கோணத்தைப் போல, நூலின் பெரும்பகுதி நல்ல உயிரோடிருக்கும்போதே பாடத்திட்டம் அதற்கு மரணச் சான்றிதழ் எழுதிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2011இல் நடந்தது இன்னும் விநோதம். ஆட்சி மாறியதும், அச்சாகி முடிந்த சமச்சீர் கல்வி நூல்கள் கிடப்பில் போடப்பட்டன. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கியே ஆகவேண்டும் என்றது. புதிய அரசுக்கு வேண்டாத பகுதிகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் எந்தப் பகுதியை முதலில் படித்திருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காலாவதியான கட்டுகளை அதிபர் நினைத்தபடி தூக்கியெறியவும் முடியாது. அவை அரச பொருள். நிதிப் பிரமாணம் 756இன்படி ஆண்டுதோறும் பொருட்கணக்கெடுப்பு நடக்க வேண்டும். அதற்கென நியமிக்கப்பட்டவர்கள் வந்து பொருட்பதிவேட்டையும் அலுமாரியையும் ஒப்பிட்டு, உதவாதவற்றைப் பட்டியலிடுவார்கள். மேலிடத்து அங்கீகாரம் கிடைத்த பிறகே விற்கலாம். விற்ற பணம் அரச வருமானத்தில் சேரும். கால் உடைந்த கதிரைக்கும் இதே வழிதான். கதிரை எத்தனை மாதமும் காத்திருக்கும். கடதாசிக்கு அந்தப் பொறுமை இல்லை, அதிலும் புத்தளத்தில்.

புத்தளம் களப்பின் உட்பகுதி வறட்சிக் காலத்தில் கடலைவிட உப்பாகிவிடும். கரையில் உப்பளங்கள். காற்று உப்பை நுண்துகளாக அள்ளிவந்து ஜன்னல் கம்பியிலும் நூலின் விளிம்பிலும் படியவிடுகிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு அதிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். மழைநாளில் குசினியில் உப்புப் போத்தல் கசிவதும் இதனால்தான். நூலில் படிந்த உப்பும் அதையே செய்கிறது. தாள் நமத்துப்போகும், தைத்த கம்பி துருவேறும், பழுப்பு வட்டங்களாகப் பூஞ்சணம் பூக்கும். வழமையாக டிசம்பரில்தான் நூல்களைத் திரட்டுவார்கள். இந்த வறண்ட கரைக்கு ஆண்டின் பெருமழை கிடைப்பதும் ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான்.

ஈரத்தைப் பின்தொடர்ந்து வருவது இராமபாணப் பூச்சி. சிறகு கிடையாது, வெள்ளிச் செதிலோடு மீன்போல நெளிந்து ஓடும். மாப்பசை என்றால் உயிர். தாளிலுள்ள செலுலோசைச் செரிக்கும் நொதியும் அதன் வயிற்றிலேயே சுரக்கிறது. சில ஆண்டுகள் வாழும், சாகும்வரை தோலுரிக்கும், மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். முதலில் தாளைச் சுரண்டி மெலிய வைக்கும். ஓட்டை விழுவது பிறகு. கறையானுக்கு அந்த நாகரிகமெல்லாம் இல்லை. தரையிலிருந்து மண்குழாய் கட்டி ஏறி, அடியிலிருக்கும் கட்டை முதலில் முடித்துவிடும். மேலே பார்த்தால் அடுக்கு அப்படியே இருக்கும், தூக்கினால் மண். செல்லரித்தல் என்று நம் மொழியில் தனிச்சொல்லே உண்டு. யாழ்ப்பாணத்துப் பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டுச்சுவடிகளுக்காக வருந்தி எழுதியது இந்தக் கூட்டத்தைப் பற்றித்தான். ஆக, கணக்கெடுப்புக் குழு வருமுன்னே இன்னொரு குழு வந்து கணக்கை முடித்துவிடுகிறது.

இவற்றுக்குத் தப்பி உலர்ந்த நிலையில் எடைக்குப் போகும் நூல் அடுத்துச் சந்திப்பது கூழாக்கித் தொட்டியை. பெரிய கிரைண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அடியில் சுழலும் அலகு, உள்ளே நீர், நூறு பங்கில் நாலைந்து பங்குதான் கடதாசி. சுழற்சியில் தாள் குலைந்து நார் நாராகப் பிரியும். கம்பி கனத்தால் கீழே தங்கும். அட்டையின் மேலுள்ள பிளாஸ்டிக் படலமும் முதுகிலுள்ள பசையும்தான் பெரிய தொல்லை. சல்லடையில் அடைத்துக்கொள்ளும், தப்பினால் புதுத்தாளில் புள்ளியாக நிற்கும். வெள்ளைத் தாள் வேண்டுமானால் மையைப் பிரிக்க வேண்டும். காரமும் சவர்க்காரமும் சேர்த்துக் கீழிருந்து காற்றுக் குமிழ்களை விடுவார்கள். மைத்துகள் குமிழில் ஒட்டி நுரையாக மேலே வரும், வழித்தெடுத்துவிடலாம். அச்சிட்ட தாளிலிருந்து மையை நீக்கிப் புதுத்தாள் செய்யலாம் என்று 1774இலேயே ஜெர்மனியில் ஒரு சிறுநூல் எழுதிக் காட்டியவர் யுஸ்டுஸ் கிளாப்ரோத். அவர் ஒரு சட்ட அறிஞர். மையை நீக்காவிட்டால் சாம்பல்நிறக் கூழ். அது அட்டைப் பெட்டியாகும், அல்லது அச்சில் உறிஞ்சி உலர்த்தினால் முட்டைத் தட்டாகும். குருநாகல், புத்தளம் பக்கம் கோழிப் பண்ணைகளுக்குக் குறைவில்லை. முட்டைத் தட்டுக்கும் இங்கே எப்போதும் வேலை உண்டு.

ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகும். ஐந்து முதல் ஏழு சுற்றுக்கு மேல் அது தாளாகப் பிணையாது. பூஞ்சணம் தின்ற நாருக்கு முதல் சுற்றுக்கே வலு இருக்காது. நனைந்து மக்கிய கட்டை ஆலைகள் விரும்பாததும் அதனால்தான்.

வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்ய 1950களில் தொடங்கிய வாழைச்சேனை ஆலை நம்மிடமே இருந்தது. பிற்காலத்தில் கழிவுக் கடதாசியும் அங்கே மூலப்பொருளாயிற்று. அப்படியிருந்தும் 2022 மார்ச்சில் இறக்குமதிக் கடதாசி வாங்க டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். 2023ஆம் ஆண்டுப் பாடநூல்களுக்கான கடதாசியில் ஒரு பகுதி இந்தியக் கடனில் வந்தது. கடன் வாங்கி அச்சிடும் நாட்டில் பழைய கட்டுகள் அலுமாரிக்குள் மக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. கரையோரப் பாடசாலைகளிலாவது காலாவதியான நூல்களுக்கான கணக்கெடுப்பைத் தனியாக, மழைக்கு முன், ஆகஸ்டிலேயே முடித்துவிடலாம். ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பிரதியை நூலகத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடைக்கு விடலாம். கச்சானுக்குப் போவதையும் நான் பெரிய குற்றமென்று சொல்லமாட்டேன். எண்ணெய் வழியும் இறால் வடைக்கு மட்டும் வேண்டாம், மை வடையில் ஏறும்.

வாசகருக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஆண்டிறுதியில் பிள்ளையின் நூலைத் திருப்பிக் கொடுக்குமுன், அட்டைக்குப் போட்ட பொலித்தீன் உறையையும் ஒட்டிய செலோடேப்பையும் கழற்றி, நூலை ஒரு நாள் வெயில்படும் விறாந்தையில் விரித்து வையுங்கள்.