காடு நம்மளுதுதான்... ஆனா டிக்கெட் எடுக்கணும்!

காலண்டரில் ஒரு வெள்ளிக்கிழமை சிவப்பு மையில் அச்சாகியிருந்தால் போதும்... நம்ம ஆபீஸ் இளைஞர்களுக்கு உடனே ஒரு மலை ஞாபகத்துக்கு வந்துவிடும். 'மச்சி, டென்ட் போடறோம்... கேம்ப் ஃபயர் போடறோம்... நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டே தூங்கறோம்!' என்று ஒரு வாட்ஸ்-அப் குரூப் முளைக்கும். குரூப்பில் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் எண்ணிப் பார்த்தால் நாலே பேர். அதிலும் ஒருத்தர் அலாரத்தை மணிக்கணக்கில் தள்ளிவைத்துவிட்டு ஆட்டோவில் துரத்திக்கொண்டு வருவார்!

அப்படி மிஞ்சுகிற நாலு பேரில் ஒருவனாக வருஷக்கணக்கில் மலை ஏறி இறங்கியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

எங்கள் செக்ஷனில் ஒரு நண்பர். அக்கவுன்ட்ஸில் புலி. போன வருஷம் புதுசாக ஒரு டென்ட் வாங்கி, அதை மொட்டை மாடியில் நாலு தடவை விரித்து, மடித்து, மனைவியிடம் திட்டும் வாங்கியவர். அவர் போட்ட பிளான் இது...

"பர்மிஷன் எல்லாம் எதுக்கு சார்? அடிவாரத்துல எனக்கு ஒரு ஆளைத் தெரியும். ராத்திரியோட ராத்திரியா ஏத்தி விட்டுருவான். கவர்மென்ட் காடுதானே? கவர்மென்ட்னா யாரு? நாம! மாசா மாசம் சம்பளத்துல வரி பிடிக்கறாங்கல்ல?"

கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால், தெருமுனையில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் கவர்மென்ட் சொத்துதான். வரி கட்டறோமே என்று அதற்குள் கையை விடறோமா?

1882-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வனச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதன்படி காப்புக்காடு என்று அறிவித்த இடத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 'போர்டு எதுவும் பார்க்கலை சார்' என்று ரேஞ்சரிடம் சொன்னால், அவர் ரசீதுப் புத்தகத்தைத்தான் எடுப்பார்.

சட்டத்தை விடுங்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை...

2018, மார்ச் 11. போடிநாயக்கனூர் பக்கம், குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் போயிருந்த இளைஞர்கள், இளம் பெண்கள். நம்மைப் போலவே வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு நாள் பச்சையைப் பார்க்கலாம் என்று போனவர்கள். கொழுக்குமலை வரை ஏறிவிட்டு இறங்கிக் கொண்டிருந்தார்கள். சுற்றிலும் ஆள் உயரப் புல். மாசி மாத வெயிலில் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. எங்கேயோ பிடித்த தீ, சரிவில் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மலைக்கிராம மக்கள்தான் முதலில் ஓடினார்கள். அப்புறம் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அங்கேயே கருகியவர்கள், ஆஸ்பத்திரியில் போராடிப் போனவர்கள் எல்லாம் சேர்த்து இறந்தவர்கள் இருபதுக்கும் மேல்.

அதற்குப் பிறகு மலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். தீயைப் பற்றி நமக்கு யாரும் ஒன்றுமே சொல்லித் தந்ததில்லை. சமவெளியில் பிறந்த நமக்கு, ஆபத்து என்றால் மேட்டில் ஏறித் தப்பிக்கத்தான் தெரியும். அது வெள்ளத்துக்குச் சரி. தீக்கு அப்படியே தலைகீழ்! சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். கீழே எரிகிற நெருப்பின் சூடு மேலே எழுந்து, மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துத் தயாராக வைத்துவிடும். சரிவு செங்குத்தாக ஆக, தீயின் வேகமும் கூடும். முதுகில் பையோடு ஏறுகிற மனுஷனால் அதை ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில் விலக வேண்டும். புல் இல்லாத பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த கருந்தரைக்கோ போய்ச் சேர வேண்டும். இது அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியும். ராத்திரியில் ஏற்றி விடுகிற 'எனக்குத் தெரிஞ்ச ஆள்' பணத்தை வாங்கிக்கொண்டு பாதி வழியில் திரும்பிவிடுவான்.

இப்போ என்ன வழி?

குரங்கணிக்குப் பிறகு, அதே 2018-ல் மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று வனத்துறை ஒரு திட்டம் ஆரம்பித்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். சினிமா டிக்கெட் மாதிரி ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். பணம் பாதைக்குப் பாதை மாறும். கூட வருகிற வழிகாட்டிகள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள். பழங்குடி மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

'எல்லாம் சரி, டென்ட்?' என்று எங்கள் அக்கவுன்ட்ஸ் நண்பர் கேட்டார்.

இந்தப் பாதைகள் பகல் நடைதான். காலையில் போய், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். ராத்திரி காடு யானைக்கும் கரடிக்கும் ஷிஃப்ட் டைம். நாம் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டால் அவற்றின் வழியை மறித்த மாதிரி. இது தமிழ்நாட்டின் பிடிவாதம் மட்டும் இல்லை. உத்தரகாண்டில் 'புக்யால்' என்கிற மலையுச்சிப் புல்வெளிகளில் ராத்திரி தங்கவே கூடாது என்று அந்த மாநில ஐகோர்ட் 2018-ல் தடை போட்டது. வருஷா வருஷம் டென்ட் அடித்து அடித்துப் புல்வெளி பாழானதுதான் காரணம். டாப் ஸ்லிப் மாதிரி இடங்களில் வனத்துறையின் ஓய்வு விடுதிகள் இருக்கின்றன. காட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டுமானால் அது நல்ல வழி.

நண்பரை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, நாலு பேராக நாங்கள் தேர்ந்தெடுத்த பாதை: கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளக்கவி.

டோலி போன பாதை

இந்தப் பாதைக்குச் சரித்திரம் உண்டு. 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அன்றைக்குப் பஸ் ஏது? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஏறித்தான் வர வேண்டும். துரைமார்களும் துரைசானிகளும் டோலியில் உட்கார்ந்து வர, நம்ம ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். 1910-களில் மோட்டார் ரோடு முழுசாக வருகிற வரைக்கும் அதுதான் கதி. கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு மூச்சு வாங்குகிற நாம், தோளில் துரையோடு ஏறியவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்!

வெள்ளக்கவி, பல தலைமுறையாக ரோடு இல்லாமலே வாழ்ந்த ஊர். காப்பிக் கொட்டையும் பழமும் குதிரை முதுகில்தான் சந்தைக்குப் போகும். ஊரைச் சுற்றிக் கோயில்கள். அதனால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் நண்பர் நடந்த நடை இருக்கிறதே... நெருப்பு மிதிக்கிறவர் மாதிரி! பக்கத்தில் எழுபது வயசுப் பாட்டி ஒருத்தி தலையில் விறகோடு சர்ரென்று தாண்டிப் போனாள்.

எங்கள் வழிகாட்டி, முப்பது வயசு இருக்கும். பேச்சு குறைவு, கண் அதிகம். சோலைக்குள் ஒரு வளைவில் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"மாடு சார்."

'மாடுதானே' என்று எட்டிப் பார்த்தவர்கள் அப்படியே உறைந்தோம். காட்டுமாடு! வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள், லாரி என்ஜின் மாதிரி உடம்பு. முப்பது அடியில் நின்று எங்களைப் பார்த்தது.

"ஓடாதீங்க. கூட்டமா நின்னு கத்தாதீங்க. மெதுவா பின்னால வாங்க. அதுக்கு வழி விட்டா அது பாட்டுக்குப் போயிரும்."

பத்து நிமிஷம் காத்திருந்தோம். போய்விட்டது. அந்தப் பத்து நிமிஷத்தில் எங்கள் நண்பர் கும்பிட்ட சாமிகளின் பட்டியல் தனி.

உண்மையான சண்டை மத்தியானம் ஒரு பாறை மேல்தான் வந்தது. நண்பர் பையைத் திறந்து, குட்டியாக ஒரு அடுப்பை எடுத்து வைத்தார். காட்டுக்குள் டீ போட்டுக் குடித்து போட்டோ எடுப்பது அவருடைய நெடுநாள் லட்சியம். வழிகாட்டி முகம் மாறிவிட்டது.

"வேண்டாம் சார்."

"சின்ன அடுப்பு தம்பி... அஞ்சே நிமிஷம். நான் பார்த்துக்கறேன்."

"சார், நான் முன்னாடி தீ காவலுக்குப் போனவன். கோடைல தீத்தடுப்புக் கோடு வெட்டியிருக்கேன். பச்சைக் கிளையை ஒடிச்சு தீயை அடிச்சு அணைச்சிருக்கேன். அஞ்சு நிமிஷம்னு வச்ச தீயை அஞ்சு நாள் அணைச்சிருக்கோம். இங்க ஒரு பொறி விழுந்தா இந்தப் பாதையை மூடிருவாங்க. நீங்க ஊருக்குப் போயிருவீங்க. வேற மலை பார்த்துக்குவீங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு மலைதான். உங்களுக்கு அது ஒரு டீ சார்... எனக்கு ஒரு வருஷச் சோறு."

யாரும் பேசவில்லை. நண்பர் அடுப்பைத் திரும்பப் பைக்குள் வைத்தார். வீட்டில் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். முதல் பங்கை எடுத்து வழிகாட்டியிடம் நீட்டினார். வரி கட்டுகிறவன் உரிமை பற்றி அப்புறம் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

கிளம்பறதுக்கு முன்னாடி...

சீஸன் பாருங்கள்: பிப்ரவரி நடுவில் ஆரம்பித்து தீக்காலம். அப்போது வனத்துறை பாதைகளை மூடிவிடுவது வழக்கம். மூடியிருந்தால் மூடியிருக்கிறது; கெஞ்சாதீர்கள்.

இ-பாஸ்: ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்துவிட்டது. செக்போஸ்ட்டில் நின்று தேடாமல் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கால் நகம்: சிரிக்காதீர்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். முதல் நாளே வெட்டிவிடுங்கள். புது ஷூவை மலையில் திறப்பு விழா செய்யாதீர்கள். ஒரு வாரமாவது ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போய்ப் பழக்குங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம்: நனைந்தால் கல்லு மாதிரி கனக்கும், காயவே காயாது. சாதாரண டிராக் பேன்ட் போதும். பளீர் கலரும் சென்ட்டும் கல்யாண வீட்டுக்கு.

அட்டை: மழைக்காலச் சோலையில் நிச்சயம் ஏறும். பிய்த்து இழுக்காதீர்கள். உப்போ தாத்தாவின் மூக்குப்பொடியோ கொஞ்சம் தூவினால் கழன்று விழுந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சத்தைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை.

உடம்பு: 'நான் தினமும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கிறேன்' என்பது பயிற்சி ஆகாது. வெள்ளியங்கிரியில் 2024 சீஸனில் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் பக்தர்கள் சிலர் இறந்துபோனார்கள். பிரஷரோ சுகரோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு மாதம் லிஃப்ட்டை மறந்துவிட்டுப் படியேறுங்கள். தண்ணீர் தலைக்கு இரண்டு லிட்டராவது வேண்டும்.

ஸ்பீக்கர்: புளூடூத்தில் குத்துப்பாட்டு கேட்க மலை எதற்கு? சத்தம் இல்லாமல் நடந்தால்தான் மான் கத்துவதும் குரங்கு எச்சரிப்பதும் காதில் விழும். காட்டில் அதுதான் நியூஸ் சேனல்.

கவர், பாட்டில், மிட்டாய்த் தாள்... கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும். ஆரஞ்சுத் தோல்கூட! 'அது மக்கிடும் சார்' என்பீர்கள். மக்குவதற்குள் ஒரு குரங்குக்கு அது பழகிவிடும். அடுத்து வருகிறவன் பையை அது பறிக்கும்.

போய்ட்டு வந்த அடையாளம் காட்டுல இருக்கக்கூடாது. உங்க முழங்கால்ல இருந்தா போதும். திங்கட்கிழமை மாடிப்படி இறங்கும்போது தெரியும்!