பெர்ல் மொழியின் மந்திர மாறிகள்

ஒரு கோப்பைத் திறக்க முயன்று, அது அவ்விடத்தில் இல்லாமையால் தோல்வியுற்ற பெர்ல் நிரல், அடுத்த வரியில் $! என்னும் விசித்திரமான பெயருடைய மாறியைக் கணக்கிடுவதற்கு எண்ணாகக் கேட்டால் லினக்ஸில் 2 என்ற விடை வரும். அச்சிடுவதற்குச் சொல்லாகக் கேட்டால், அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை என்று பொருள்படும் வாக்கியம் வரும். நிரலை எழுதியவரோ அந்த மாறியில் எதையும் இட்டு வைத்தவரல்லர்.

மாறி என்பது மதிப்பை இட்டு வைக்கும் பெட்டி என்றுதான் பாலபாடத்தில் கற்கிறோம். ஆனால் லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல் மொழியில் எல்லாப் பெட்டிகளும் அவ்வாறு வாளாவிருப்பதில்லை. $0 என்பதில் ஒரு பெயரை எழுதினால், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலிலேயே அந்நிரலின் பெயர் மாறிவிடுகிறது. இந்த விசேஷ சுபாவத்துக்கு, பெர்ல் நிரல்களை இயக்கும் இன்டர்பிரிட்டரை எழுதியவர்கள் இட்ட பெயர் ‘மேஜிக்’. பெயர் மந்திரமாயினும், செய்கை முழுவதும் யுக்தியே.

1994-இல் வந்த ஐந்தாம் பெர்ல் முதற்கொண்டு, ஒவ்வொரு மாறிக்கும் சிறிய தலைப்பகுதி ஒன்றும், பெரும்பாலும் அது சுட்டிக்காட்டும் உடற்பகுதி ஒன்றும் நினைவகத்தில் அமைகின்றன. தலைப்பகுதியில் உள்ள அடையாள பிட்டுகளில் மூன்று, இந்த மாறியை வாசிக்கையில் விசேஷம் உண்டா, எழுதுகையில் உண்டா, வேறு காரியங்களில் உண்டா என்பதை மட்டும் தெரிவிக்கும். மந்திரம் ஏற்றப்படும்போது மாறியின் உடற்பகுதி பெரியதொரு வடிவத்துக்கு மாற்றப்பட்டு, அதில் ஒரு சங்கிலி கோக்கப்படுகிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தன் வகையைக் குறிக்கும் ஓர் எழுத்தையும், வாசித்தல், எழுதுதல், நீளம் கேட்டல், வெறுமையாக்குதல், விடுவித்தல் முதலிய சந்தர்ப்பங்களில் அழைக்கவேண்டிய செயற்கூறுகளின் அட்டவணையை நோக்கிய சுட்டியையும் தாங்கி நிற்கும். $! வாசிக்கப்படும் கணத்தில் அதற்குரிய செயற்கூறு ஓடிச்சென்று, இயங்குதளம் கடைசியாகக் குறித்து வைத்த பிழையெண்ணைக் கொண்டுவந்து மாறியில் இட்ட பின்னரே, கேட்டவர் கையில் மதிப்பு சேர்கிறது.

இந்த ஏற்பாட்டில் என் மனத்தை மிகவும் கவர்வது அதன் சிக்கனந்தான். ஒரு நிரலில் ஆயிரக்கணக்கான மாறிகள் இருந்தாலும் மந்திரம் வேண்டுபவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. ஒவ்வொரு முறையும் மாறியின் பெயரைப் பார்த்து, இது விசேஷமானதா என்று விசாரித்துக்கொண்டிருந்தால் சாமானிய மாறிகளும் அதற்கு விலை கொடுக்க நேரும். பெர்ல் அந்த பிட்டுகளை ஒருமுறை நோக்குவதோடு நிறுத்திக்கொள்கிறது.

மந்திரம் மாறியைச் சேர்ந்தது, மதிப்பைச் சேர்ந்ததன்று என்பதையும் வாசகர் மனத்தில் இருத்தவேண்டும். $! காட்டும் மதிப்பை வேறொரு சாதாரண மாறியில் எடுத்து வைத்துக்கொண்டால், எண்ணும் வாக்கியமும் அதில் தங்கிவிடும். ஆனால் சங்கிலி உடன் வராது. பின்னர் எத்தனை பிழைகள் நேர்ந்தாலும் அப்பிரதி மாறாது. பிழை நேர்ந்த உடனே பிரதி எடுத்து வைக்கும்படி அனுபவஸ்தர்கள் சொல்வது இதனால்தான்.

இந்த வல்லமை இன்டர்பிரிட்டரோடு நின்றுவிடவில்லை. ‘டை’ என்னும் கட்டளையால், தாமே எழுதிய செயற்கூறுகளை ஒரு மாறியோடு பிணைக்கச் சாமானிய நிரலாளருக்கும் உரிமை உண்டு; வட்டில் உள்ள தரவுக் கோப்பொன்றைச் சாதாரண அட்டவணைபோல் கையாள்வதும் இவ்வழியால் சாத்தியமாகிறது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சி மொழியில் பெர்லுக்குத் துணைத் தொகுதி எழுதுபவர், மாறியின் மதிப்பைத் தாமே நேரடியாக மாற்றினால், மந்திரத்தைத் தட்டியெழுப்பும் கடமையும் பெரும்பாலும் அவரையே சாரும். மறந்தால், எழுதிய மதிப்பு பெட்டியில் கிடக்குமேயன்றி உரிய இடத்துக்குப் போய்ச் சேராது. எந்தப் பிழைச் செய்தியும் வராத காரணத்தால் இத்தகைய தவற்றைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

இவையனைத்தையும் மூலத்திலேயே காண விரும்புவோர், பெர்லோடு வழங்கப்படும் ‘பெர்ல்கட்ஸ்’ என்ற கையேட்டில் மேஜிக் பற்றிய பகுதிகளை வாசிக்கலாம். சி மொழி சிறிது தெரிந்திருந்தால் போதும்.