பழைய கிளாரினெட்டின் வயதைக் கணித்தல்

பழைய கிளாரினெட்டுகளில் செய்யப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பது அரிது. ஆகவே அமைப்பு, மரம், உலோகம், முத்திரை, சுருதி ஆகிய ஒவ்வொன்றும் எந்த ஆண்டுக்கு முன் இருந்திருக்க இயலாது என்று வரையறுத்து, அவ்வரம்புகளுள் மிகவும் பிந்தியதிலிருந்தே கருவியின் காலத்தைக் கணக்கிட வேண்டும்.

முதலில் கண்ணில் படுபவை விசைகள். அதாவது, விரலுக்கு நேரே எட்டாத துளைகளை மூடித் திறக்கும் உலோக நெம்புகோல்கள். 1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் உருவாக்கியதாகக் கருதப்படும் கிளாரினெட்டில் இரண்டு விசைகளே இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐந்து விசைக் கருவி பரவலாயிற்று. இவான் முல்லர் 1812இல் பாரிசில் 13 விசைக் கருவியை முன்வைத்தார். இன்று போம் முறை எனப்படும் வளையவிசை அமைப்பைக் குளோசேயும் பஃபேயும் 1839இல் அதே நகரில் காட்சிக்கு வைத்தனர். எனினும், முல்லர் வழிவந்த எளிய அமைப்பு பிரசல்ஸ் நகரத்து ஆல்பர்ட்டின் பெயரால் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தமையால், விசைகள் குறைந்திருப்பதே தொன்மைக்குச் சான்றாகிவிடாது.

பொருள்களும் காலத்தைச் சுட்டுகின்றன. தொடக்கத்தில் பாக்ஸ்வுட் எனும் மஞ்சள்நிற மரமும், தந்த வளையங்களும், பித்தளை விசைகளும் வழக்கில் இருந்தன; 19ஆம் நூற்றாண்டு வளர வளரக் கருங்காலியும் ஆப்பிரிக்கக் கருமரமும், செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வரும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பழங்கருவிகளில் விசைகள் உடலோடு சேர்த்தே கடைந்த மரப்புடைப்புகளில் பொருத்தப்பட்டிருக்க, பிற்காலக் கருவிகளில் அவற்றை மரத்தில் திருகப்பட்ட சிறு உலோகத் தூண்கள் தாங்குகின்றன. ஒரே கருவியில் இவ்விருவகையும் கலந்திருந்தால், சில விசைகள் பின்னர் சேர்க்கப்பட்டவை என்று ஐயுறலாம். அடிக்கடி மாற்றப்படும் ஊதுவாயைச் சான்றாகக் கொள்வதும் பாதுகாப்பன்று.

முத்திரை மேலும் துல்லியமானது. தயாரிப்பாளரின் முகவரி, அவர் அங்கே தொழில் நடத்திய ஆண்டுகளைக் காட்டும். வாட்டர்ஹவுஸ் 1993இல் வெளியிட்ட ‘நியூ லாங்வில் இண்டெக்ஸ்’ இத்தகைய தகவல்களைத் தொகுத்துத் தருகிறது. பூசி அண்டு ஹாக்ஸ் என்ற பெயர், இரு நிறுவனங்கள் இணைந்த 1930க்கு முன் இருக்க வழியில்லை. இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்ததால், நாட்டின் பெயர் பொறித்த கருவி பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாகும். எச்.பி. என்ற எழுத்துகள், வினாடிக்கு ஏறத்தாழ 452 அதிர்வுகள் கொண்ட உயர் சுருதியைக் குறிப்பவை. பிரிட்டிஷ் இராணுவ இசைக்குழுக்கள் அச்சுருதியை 1920களின் இறுதிவரை கைவிடவில்லை.

எனவே 13 விசைகள் கொண்ட கருமரக் கிளாரினெட் ஒன்றில் ‘பிரான்ஸ்’ என்ற பெயரும் எச்.பி. குறியும் ஒருங்கே காணப்பட்டால், அமைப்பு 1812ஐச் சுட்டினாலும், அக்கருவி 1890க்கும் 1930க்கும் இடைப்பட்டது என்பதே ஏற்கத்தக்க மதிப்பீடு. இவ்விடைவெளியை மேலும் சுருக்க, தயாரிப்பாளரின் வரிசை எண் பதிவேடுகள் எஞ்சியிருக்க வேண்டும்.